தும்மாத கல்

என் அக்கா மகளுக்குப் பள்ளி நாடகத்தில் கல் வேஷம் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் மேடை ஏறப்போகும் முதல் ஆள் அவள்தான் என்பதால் அன்று மாலை எங்கள் சலவைக் கடையில் வேலையே ஓடவில்லை.

"என்ன கல்லுடி? சிலை மாதிரியா?" என்று கேட்டாள் அக்கா.

"இல்லம்மா, சும்மா கல்லு."

"வசனம்?"

"கல்லு எப்படிம்மா பேசும்?"

"அப்புறம் எதுக்கு ஆளு? ஒரு கல்லையே தூக்கி வச்சுக்கலாமே!"

எனக்கும் அதே சந்தேகம்தான். பட்டாசு பொறுமையாக விளக்கினாள். (அவளை வீட்டில் பட்டாசு என்றுதான் கூப்பிடுவோம்.) நாடகத்தில் ஒரு ராஜா காட்டில் வழி தவறிவிடுகிறார். ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து நாடகம் முழுக்கக் கவலைப்படுகிறார். கவலைப்பட்டு அலுத்தபின் கிரீடத்தைக் கழற்றிக் கல்லின் மேல் வைத்துவிட்டுத் தரையில் படுத்துத் தூங்குகிறார். அப்போது கல் எழுந்து, கிரீடத்தை எடுத்துக்கொண்டு நடந்து போய்விடுகிறது. திரை விழுகிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று டீச்சரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டால் எழுதிவரச் சொல்வார் என்ற பயம்.

ஆகவே கல் என்பது ஒரு முக்காலி, அதன் பின்னால் குந்தியிருக்கும் பட்டாசு, இரண்டையும் மூடிய ஒரு கறுப்புத் துணி. ராஜா முக்காலி மேல் உட்காருவார். கடைசிக் காட்சிவரை கல் மூச்சுவிடுவதே வெளியே தெரியக் கூடாது.

"மரமா நிறைய பேரு இருக்காங்க மாமா. கல்லு நான் ஒருத்திதான்" என்றாள் என்னிடம் தனியாக. கல் வேஷத்தின் பெருமை எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சிக்கல் அவள் மூக்கில் இருந்தது. வருஷத்தில் மற்ற மாதங்களில் பட்டாசு என்ற பெயருக்குக் காரணம் அவள் வாய். பூப் பூக்கிற இந்தப் பருவத்தில் மட்டும் காரணம் மூக்கு. காலையில் கண் விழிக்கும்போதே ஆரம்பிக்கும். ஒன்று வந்தால் சரம் மாதிரி வரும். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, பல் தேய்ப்பதற்குள் ஒரு துண்டு நனைந்துவிடும்.

முதல் ஒத்திகையிலேயே கல் தும்மியது. ராஜா முக்காலியோடு கவிழ்ந்தார். கிரீடம் உருண்டுபோய் ஒரு மரத்தின் காலடியில் நின்றது. மரம் அதை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டது. டீச்சர் கையை உதறினார்.

"இன்னும் ஒரு தடவை தும்மினா கல்லை மாத்திடுவேன்."

மாற்றுக் கல் தயாராக இருந்தது. அசையாமல் இருப்பதில் பேர்போன ஒரு பையன். வகுப்பில் அவன் இருக்கிறானா இல்லையா என்பது பேர் கூப்பிடும்போதுதான் தெரியும்.

பட்டாசு அழவில்லை. வீட்டுக்கு வந்து, பையை வைத்துவிட்டு, என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, நீ காலேஜ்ல சயின்ஸ்தானே படிக்கற?"

"ஆமா." அதாவது அறிவியல் பிரிவில் என் பெயர் இருக்கிறது.

"மூக்கைக் கழட்டி வச்சுட்டு மறுபடி மாட்ட முடியுமா? நாடகம் முடியற வரைக்கும் போதும்."

"இன்னும் அந்தப் பாடம் வரல."

"எப்ப வரும்?"

மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் போன வருஷமே சொல்லியிருந்தார். மருந்தும் கொடுத்திருந்தார். அதைக் கொடுத்து அனுப்பினோம். அடுத்த ஒத்திகையில் கல் தும்மவே இல்லை. தூங்கியது. ராஜா கவலைப்படும் கட்டத்தில் லேசாகக் குறட்டையும் விட்டது. கடைசியில் கிரீடத்தைத் தலைமேல் வைத்தும் எழுந்திருக்கவில்லை. இரண்டு மரங்கள் வந்து உலுக்கின.

"கல்லு தும்மவும் கூடாது, தூங்கவும் கூடாது" என்று டீச்சர் எழுதி அனுப்பவில்லை. கடைக்கே நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். போகும்போது ஒரு புடவையையும் வெளுக்கப் போட்டார்.

"மருந்தெல்லாம் வேணாம்" என்றாள் அக்கா. "இயற்கையா பாத்துக்கலாம்."

அக்கா அப்படிச் சொன்னால் அதற்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது. கீழே கடை, மேலே வீடு, அதற்கு மேலே மொட்டைமாடி. மொட்டைமாடியில் ஒரு கொடிக்கு மேல் இன்னொரு கொடியாக ஊரார் வீட்டு வெள்ளைத் துணிகள் ஆடும். கடைப் பலகையிலேயே 'வெயிலில் மட்டுமே உலர்த்தப்படும்' என்று போட்டிருக்கிறாள். துணி உலர்த்தும் மிஷின் ஒன்று கடையில் உண்டு. பழைய முதலாளி விட்டுப்போனது. அதன்மேல் ஒரு ஹேங்கர் கட்டு, ரேடியோ, அத்தானின் சாப்பாட்டுப் பாத்திரம் எல்லாம் இருக்கும். அக்காவைப் பொறுத்தவரை அது ஒரு மேஜை.

வெயிலில் காய்ந்த துணியில்தான் உயிர் இருக்கும், கிருமி இருக்காது என்பாள். ஆகவே வைத்தியத்தின் முதல் நாளே பட்டாசின் தலையணை, போர்வை, விரிப்பு, அவள் கட்டிப்பிடித்துத் தூங்கும் துணி முயல் எல்லாம் மாடிக்குப் போயின. வாரத்துக்கு ஒருமுறை போய்க்கொண்டிருந்தவை தினமும் போக ஆரம்பித்தன. முயலைக் காதைப் பிடித்து க்ளிப் போட்டுத் தொங்கவிட்டாள்.

அத்தான் இஸ்திரி போடுபவர். கை பெட்டியில் இருக்கும், கண் செல்போனில் இருக்கும். அதில் ஒருவர் தேன் சாப்பிட்டால் பூ ஒத்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார்.

"பூவுலேருந்துதானே தேன் வருது மாப்ள? கொஞ்சம் கொஞ்சமா உள்ள போனா உடம்பு பழகிக்கும். லாஜிக் இருக்கு பாத்தியா?"

"தேனீ தும்மாதுங்கறீங்க."

"நீ பாத்திருக்கியா தேனீ தும்மி?"

பார்த்ததில்லை. விவாதத்தில் தோற்றேன்.

அதோடு இஞ்சி வந்தது, எலுமிச்சை வந்தது, புதினா வந்தது. வெட்டின வெங்காயத்தைக் கட்டிலுக்கடியில் வைத்ததில் பட்டாசைத் தவிர எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆவி பிடிக்கவைக்கலாம் என்று அத்தான் சொன்னபோது அவர் கண் கடையின் ஆவி இஸ்திரிப் பெட்டியின் மேல் இருந்தது. அந்த யோசனையை அங்கேயே மடித்து வைத்தோம்.

எனக்கு உண்மையிலேயே ஆர்வம் வந்துவிட்டது. இவ்வளவில் ஏதாவது ஒன்றாவது வேலை செய்யுமா? செய்தால் எது?

"எல்லாத்தையும் ஒண்ணாக் குடுத்தா எதுன்னு தெரியாதுக்கா. ஒரு நேரத்துல ஒண்ணு. இப்ப தேன் மட்டும். அது சரியா வரலன்னா இஞ்சி."

"சரிடா காலேஜு" என்றாள் அக்கா.

"கரெக்ட் மாப்ள" என்றார் அத்தான்.

இருவரும் முழு மனதோடு ஒத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் திருட்டுத்தனமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "மாமாகிட்ட சொல்லாத" என்று அக்கா இஞ்சியைக் கொடுத்தாள். "அம்மாகிட்ட சொல்லாத" என்று அத்தான் எலுமிச்சை கொடுத்தார். பட்டாசு யாரிடமும் சொல்லவில்லை. கல்லாகப் பயிற்சி எடுக்கிறேன் என்றாள் பிறகு.

தும்மல் குறையவில்லை. சொல்லப்போனால் காலையில் முன்னைவிட ஜாஸ்தியானது.

பிறகு மழை வந்தது. விடாத மழை. மொட்டைமாடி குளமானது. துணி மலையாகக் குவிந்ததும் அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ரேடியோவையும் பாத்திரத்தையும் எடுத்து வைத்துவிட்டு, அந்த மிஷினை ஓட்டினாள். யாரோ சாராயம் காய்ச்சுவதுபோல ஒரு முகம். வீட்டுத் துணியும் அதிலேயே போனது.

மழை பெய்த அந்த நாட்களில் பட்டாசு தும்மவில்லை. காலையில் எழுந்து, மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, காணோம்" என்றாள். ஒத்திகையில் கல் கல்லாக இருந்தது. டீச்சர் பாராட்டினாராம். ராஜாவைத் திட்டினாராம்.

வீட்டில் பெரிய சண்டை. தேன்தான் என்றார் அத்தான். இஞ்சிதான் என்றாள் அக்கா. அப்போதுதான் எல்லாத் திருட்டும் வெளியே வந்தது. மழையாக இருக்கலாம் என்றேன் நான். இருவரும் ஒன்றுசேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

வெயில் வந்தது. ஈரத்தில் சோம்பிக் கிடந்த தெரு பளிச்சென்று ஆனது. பின்தெரு மரங்களில், பூ என்றே சொல்லமுடியாத, நூல் நூலாகத் தொங்குகிற ஏதோ ஒன்று காற்றில் ஆடியது. அக்கா மிஷின் மேல் ரேடியோவைத் திரும்ப வைத்தாள். தலையணையும் முயலும் மாடிக்குப் போயின. மறுநாள் காலை சரவெடி.

தேன் கொடுத்தோம். இஞ்சி கொடுத்தோம். திருட்டுத்தனமே இல்லாமல் எல்லாரும் எல்லாமும் கொடுத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. வேஷத் துணியைப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே ஒத்திகை பார்த்தபோது துணிக்குள்ளிருந்து ஒரு தும்மல் வந்தது. பட்டாசு துணியை விலக்கவில்லை. உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

"வெளிய வாடி" என்றேன்.

"கடைசி ஒத்திகை தலைமை டீச்சர் முன்னாடி மாமா. அதுல தும்மினா அவன்தான் கல்லு." குரல் துணிக்குள்ளிருந்து வந்தது. "அவனுக்குக் கல்லா இருக்கவே பிடிக்காது. சும்மா இருப்பான். அவ்ளோதான்."

சும்மா இருப்பதற்கும் கல்லாக இருப்பதற்கும் இருந்த வித்தியாசத்தை அவள் எவ்வளவு யோசித்திருக்கிறாள் என்று எனக்கு அப்போது தெரிந்தது. துணியின் மேல் தட்டிக்கொடுத்தேன். எது தலை, எது முக்காலி என்று தெரியாததால் முக்காலியைத்தான் தட்டியிருக்கிறேன்.

அந்தக் கறுப்புத் துணி யாரோ வெளுக்கப் போட்டு வாங்காமலே போன ஒரு ஜன்னல் திரை. அக்காவே தைத்தாள். அதைத் துவைத்து இஸ்திரி மேஜைக்குப் பின்னால், நிழலில் தொங்கவிட்டிருந்தாள். அது கடைச் சட்டம். வெள்ளை மாடிக்கு, கறுப்பு உள்ளே. கறுப்பை வெயிலில் போட்டால் நரைத்துவிடும். இந்தக் கடை திறந்த நாளிலிருந்து ஒரு கறுப்புத் துணிகூட எங்கள் மொட்டைமாடியைப் பார்த்ததில்லை.

அடுத்த நாள் பள்ளி விடுமுறை. மத்தியானத்துக்குமேல் துணி எடுக்கப் போன அக்காவின் குரல் மாடியிலிருந்து கடைவரை வந்தது.

"யார்றா கறுப்பை மாடியில போட்டது?"

தொடர்ந்து அவளே இறங்கி வந்தாள். ஒரு தோளில் வெள்ளை மூட்டை, மறு கையில் கல் வேஷத் துணி.

"காலேஜு! உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

"நான் இல்லக்கா."

"அப்ப துணி தானா நடந்து போச்சா?"

"அந்த நாடகத்துல அது நடக்கும்தான்..." என்று ஆரம்பித்த அத்தான் அக்கா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நான்தான்மா போட்டேன்" என்றாள் பட்டாசு. ஹேங்கர் குவியலுக்குப் பின்னால் நின்றிருந்தாள். "கைக்கு எட்டல, அதான் சுவர் மேல விரிச்சேன். வெயில் பட்டா தும்மல் போயிடும்னு நீதானே சொன்ன? எல்லாத்துக்கும் வெயில் குடுத்த. இதுக்கு மட்டும் குடுக்கவே இல்ல."

அந்த வீட்டில் அக்கா சொன்னதை முழுசாக நம்பியது அவள் ஒருத்திதான்.

திட்டுவதற்காக அக்கா வாயைத் திறந்தாள். திட்டு வரவில்லை. கையிலிருந்த துணியைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். கறுப்பு நரைத்திருக்கவில்லை. மஞ்சளாகியிருந்தது. மேலே யாரோ மாவு சலித்ததுபோல மெல்லிய மஞ்சள் பொடி, மடிப்புகளில் கொஞ்சம் கூடுதலாக. அத்தான் விரலால் ஒரு கோடு போட்டார். கோடு கறுப்பாகத் தெரிந்தது. பட்டாசு கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். உடனே தும்மினாள். மறுபடி. மறுபடி.

"வெள்ளைத் துணியில இந்த மகரந்தம் தெரியுமா?" என்று கேட்டேன். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

அக்கா மூட்டையை இறக்கி அதிலிருந்து பட்டாசின் தலையணையை எடுத்தாள். பால் வெள்ளை. பார்த்தால் விளம்பரத்துக்கே கொடுக்கலாம். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பசை உருளை இருக்கும், கோட்டு, சட்டைகளில் ஒட்டிய முடி, நூல் எடுப்பதற்கு. அக்கா அதை எடுத்ததும் நான் கை நீட்டினேன். அவள் தரவில்லை. தானே தலையணைமேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை உருட்டி, வெளிச்சத்தில் பிடித்தாள்.

உருளை மஞ்சள்.

முயலை எடுத்தாள். முயலும் மஞ்சள். மழையின்போது மிஷினில் உலர்ந்து அலமாரியில் கிடந்த பழைய தலையணை உறையை எடுத்து, புதுத் தாள் உரித்து உருட்டினாள். ஒன்றுமில்லை. திரும்ப ஒருமுறை உருட்டினாள். ஒன்றுமே இல்லை. மழை நாட்களின் வைத்தியர் யார் என்று இப்போது தெரிந்தது. அவர் மேல்தான் ரேடியோ உட்கார்ந்திருந்தது.

"தினமும் இதையா அவ தலைக்குக் கீழ வச்சேன்?" என்றாள் அக்கா. எங்களிடம் கேட்கவில்லை. உருளையிடம் கேட்டாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அத்தான். "வெள்ளையில தெரியல. கறுப்பை நாம மேல போடறதே இல்ல. யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது."

"நான் கண்டுபிடிச்சேன்" என்றாள் பட்டாசு, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

அக்கா மிஷின் மேலிருந்த ரேடியோவை எடுத்தாள். பாத்திரத்தை எடுத்தாள். ஹேங்கர் கட்டைத் தரையில் போட்டாள். ஷட்டரை இறக்கவில்லை. பட்டாசின் துணிகள் ஒவ்வொன்றையும் மறுபடி துவைத்து உள்ளே போட்டுப் பொத்தானை அழுத்தினாள். மிஷின் தெருவுக்கே கேட்கிற மாதிரி உறுமியது. எதிர்க்கடைத் தையல்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, வெயில் கொளுத்துது, உள்ள மிஷின் ஓடுது?"

"வெயிலுக்கு இன்னைக்கு லீவு விட்டிருக்கோம்ணே."

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. மிஷின் கண்ணாடிக்குள் முயல் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று மாலையே டாக்டரிடமும் போனோம். மருந்து கொடுத்தால் தூங்கிவிடுகிறாள் என்று ஏன் முன்பே சொல்லவில்லை என்று அவர் கேட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவ்வளவு தூக்கம் தராத வேறு மருந்து எழுதினார். விளையாடிவிட்டு வந்ததும் தலைக்குக் குளிக்கட்டும், காற்று அடிக்கிற நேரம் ஜன்னலைச் சாத்துங்கள், படுக்கைத் துணியை வெளியே போடாதீர்கள் என்றார். கடைசியாகச் சொன்னதை அக்கா தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டாள்.

"தேன் குடுக்கலாமா டாக்டர்?" என்றார் அத்தான்.

"பிடிச்சா குடுங்க. தும்மலுக்காக வேண்டாம்."

வெளியே வந்ததும் அத்தான் என் தோளைத் தட்டினார். "கேட்டியா மாப்ள? டாக்டரே தேன் குடுக்கச் சொல்லிட்டாரு."

எது எவ்வளவு வேலை செய்தது என்று துல்லியமாகக் கண்டுபிடிக்கும் ஆசை எனக்கு இன்னும் இருக்கிறது. ஒரு தலையணையை மட்டும் மாடியில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். அக்கா இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள். ஆராய்ச்சி முடிந்தது.

தலைமை டீச்சர் முன்னால் நடந்த கடைசி ஒத்திகையில் கல் பிழைத்தது. ஆனால் நாடகத்தன்று காலை ஒரு தும்மல் வந்தது. ஒன்றே ஒன்று. பட்டாசு போய் முகம் கழுவிக்கொண்டாள். வீட்டில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

நாடகம் மாலையில். அத்தானும் நானும் முன்பே போய்விட்டோம். ஊரார் துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு அக்கா நேராக ஓடிவந்தாள். மேடைக்குப் பக்கவாட்டுக் கதவில் கறுப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்த பட்டாசு, அம்மாவைப் பார்த்ததும் கையை விரித்துக்கொண்டு ஓடினாள்.

"நில்லு!" அக்கா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். "கிட்ட வராத. மாடியிலேருந்து அப்படியே வர்றேன்டி."

பட்டாசு நின்றாள். விரித்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு இறக்கினாள். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அக்கா முன்வரிசையில் உட்காரவில்லை. மேடையிலிருந்து எவ்வளவு தூரம் போகமுடியுமோ அவ்வளவு தூரம், கடைசிச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள். நானும் கூடப் போனேன். ஜன்னலிலிருந்து காற்று வருகிறது என்று அவளே எழுந்துபோய் அதைச் சாத்திவிட்டு வந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் விசிறிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

திரை தூக்கினார்கள். மரங்கள் வந்தன. ராஜா வந்து கல்லின் மேல் உட்கார்ந்தார், கவலைப்பட்டார். ஒரு மரம் வசனத்தை மறந்து இன்னொரு மரத்தின் வசனத்தைச் சொன்னது. ராஜா மேலும் கவலைப்பட்டார். நான் நாடகத்தைப் பார்க்கவே இல்லை. கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பாக, மேடுபள்ளமாக, ஒரு மடிப்புக்கூட நகராமல் இருந்தது.

பாதியில் கல் நடுங்கியது.

லேசாகத்தான். துணியின் ஓரம் ஒருமுறை சிலிர்த்தது. அக்கா என் கையைப் பிடித்தாள். நகம் இறங்கியது. இஸ்திரி போடும் வீட்டுப் பெண்களின் பிடி எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. துணி மறுபடி சிலிர்த்தது. அக்கா தன் மூக்கை மறுகையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், அங்கே வருவதை இங்கேயே நிறுத்திவிடலாம் என்பதுபோல.

துணி அடங்கியது. ராஜா கிரீடத்தைக் கழற்றிக் கல்லின் மேல் வைத்தார். தரையில் படுத்தார். கல் எழுந்தது. கிரீடத்தை எடுத்துக்கொண்டு அவசரமில்லாமல், ஒரு கல் நடந்தால் எப்படி நடக்குமோ அப்படி நடந்து, போகவேண்டிய வழி தெரியாமல் திரையில் ஒருமுறை முட்டி, மறைந்தது. கூட்டம் கைதட்டியது. அக்கா என் கையை விட்டபிறகுதான் நான் தட்டினேன்.

வெளியே வந்தபோது பட்டாசின் முகமெல்லாம் வேர்வை.

"நடுவுல என்னடி ஆச்சு? துணி ஆடுச்சே!" என்றேன்.

"எறும்பு மாமா. கால்ல ஏறி கடிச்சுட்டே இருந்துச்சு. கல்லு எப்படி சொறிஞ்சுக்கும்?"

அக்கா கொஞ்சம் தள்ளியே நின்றிருந்தாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. பட்டாசு அங்கிருந்தே கேட்டாள்.

"அம்மா, நான் எப்படி இருந்தேன்?"

"நீ அங்க இருந்ததே தெரியலடி" என்றாள் அக்கா.

பட்டாசின் முகம் அப்படியே மலர்ந்தது. திரும்பி உள்ளே ஓடினாள். வேஷம் கலைத்துக்கொண்டிருந்த மரங்களிடம் ஒவ்வொன்றாகப் போய், "எங்கம்மாவுக்கு நான் இருந்ததே தெரியலயாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.